சிவப்பு ஃபில்டருக்கு வைத்த ஒயில்

1. நிசார் வந்த நாள்

நிசார் வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது. அவன் செய்த குற்றம் ஒன்றுதான். அவனுக்கு வேலை தெரிந்திருந்தது.

எங்கள் கராஜ் திருகோணமலையில், உட்துறைமுக வீதியோரம் இருந்தது. லொறிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். நான் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கணக்கில் மூன்று வருடம் ஓர் இடத்தில் நிற்பது பெரிய காரியம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த ஒரு வருடத்தில் சண்டை துரத்தியதில் மூன்று பள்ளிக்கூடம் மாறினேன், இரண்டுக்குக் கூரை இல்லை. பிறகு ஈச்சிலம்பற்றில் உழவு மெசின் திருத்தினேன். வெருகலில் வள்ளத்து இன்ஜின், தம்புள்ளையில் லொறி, கத்தாரில் மண் அள்ளும் மெசின். ஒவ்வோர் இடத்தையும் ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் சம்பளம், சாப்பாடு, வெயில் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். உண்மை வேறு. என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் வந்து சேர்ந்ததும் எனக்கு அந்த இடத்தில் நிற்க ஏலாமல் போய்விடும். உடுப்புப் பையைத் தூக்கிவிடுவேன்.

நிசார் வந்த அன்று நான் ஒரு வேனோடு இரண்டாவது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது மூச்சு வாங்குகிறவன் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றிப் பூட்டிவிட்டேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய நிசார், சேட்டுக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். என்னைவிட ஆறு வயது இளையவன். ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து, ரப்பர் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாகப் பீச்சினான். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறியது.

“ராசண்ணன், இதுல ஒரு வெடிப்பு இரிக்கி. இதால காத்துக் களவெடுக்குது.”

விரல் நீளக் குழாய். மாற்றியதும் வேன் அடங்கிவிட்டது. எங்கள் முதலாளி சிவபாலன் கதிரையில் இருந்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

“டேய் ராசன், பார்த்தியோ? பத்து நிமிசம்!”

பார்த்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். வேலை முடிந்து கை கழுவினால் அவன் நகத்தில் கறுப்பு இருக்காது. வேலைக்கு முன்பும் பின்பும் ஸ்பானர்களை எண்ணுவான். வாடிக்கையாளர்கள் வாசலிலேயே “நிசார் நிக்கிறாரோ?” என்று கேட்பார்கள். நான் அங்கேதான் நிற்பேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“வாற மாசம் கனடாவுக்குப் போறன். மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. ஆறு மாசம் வர மாட்டன். உங்கள் ரெண்டு பேரில ஒராளிட்டத்தான் கராஜ் திறப்பைக் குடுத்திட்டுப் போவன். ஆரெண்டு இன்னும் முடிவெடுக்கேல்ல. அதுக்காண்டி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தராதேங்கோ, வேலையைப் பாருங்கோ.”

நிசார் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயது வரை யாரும் எந்தக் கதவுப் பூட்டின் திறப்பையும் என்னை நம்பித் தந்ததில்லை.

2. வெள்ளிக்கிழமை வேலை

கஜன் நிலாவெளியில் படகு வைத்திருப்பவன். சுற்றுலாக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவான். படகில் உழைத்ததை எல்லாம் ஒரு பழைய ஜப்பான் டர்போ காரில் போட்டிருந்தான். வேகத்துக்கென்றே செய்த கார். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. அந்த இன்ஜின் போனால் மாற்றுவதற்கு இன்னொன்று நாட்டில் தேடினாலும் கிடைக்காது. அது கஜனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை பெரிய பார்சலோடு வந்தான். இணையத்தில் ஓடர் பண்ணிய மலிவு எயார் இன்டேக். இன்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில் கம்பனி வைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு அலுமினியப் பைப்பும் கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டரும் பூட்டுவது. பெட்டியில் பெயர் இல்லை. பூட்டும் முறை எழுதிய கடதாசியும் இல்லை.

நிசார் பைப்பின் வாயை அளவுகோல் வைத்து அளந்தான். ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தம்பி, பைப் அளவு சரி. ஆனா இது பொனட்டுக்குள்ள இருந்து சூட்டுக் காத்தத்தான் இழுக்கும். சத்தம் கூடும், ஓட்டம் கூடாது. கம்பனிப் பெட்டி தங்கம் மாதிரி. கழட்டாதீங்க.”

“சத்தத்துக்குத்தானே அண்ணை வாங்கினனான்!”

“சத்தம் வேணுமெண்டா ஹோர்ன மாத்துங்க. நான் இதப் போட மாட்டன்.”

கஜனின் முகம் விழுந்துவிட்டது. பார்சலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் கை துடைக்கிற சாட்டில் பின்னால் போனேன்.

“கஜன், நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டா. நான் போட்டுத்தாறன்.”

“நிசாரண்ணை வேண்டாமெண்டார்...”

“அவர் பயந்த ஆள். கார் உன்னுடையதோ, அவருடையதோ?”

நேரத்தை யோசித்துத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிசார் ஜும்மாத் தொழுகைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவான். முதலாளி கராஜில் இருப்பார். அவர் கண் முன்னால் ஒரு வேலையை நான் தனியே செய்து முடிக்க வேண்டும். நிசார் ஏலாது என்று சொன்ன வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. பழைய பெட்டியைக் கழற்றினேன். காற்றை அளக்கும் சென்சரைப் பத்திரமாக எடுத்து, அதில் இருந்த அம்புக்குறியை இன்ஜின் பக்கம் பார்க்க வைத்துப் புதுப் பைப்பில் பூட்டினேன். பார்சலில் வந்த கிளிப்புகள் மெழுகு மாதிரி இருந்தன, அவற்றை எறிந்துவிட்டு எங்கள் கிளிப் போட்டேன். தாங்கு தகட்டின் துளை பொருந்தவில்லை, புதிதாகத் துளைத்தேன். பைப் எங்கேயும் உரசாமல் ரப்பர் துண்டு வைத்தேன். இதுவரை யாரும் என் வேலையில் பிழை பிடிக்க ஏலாது.

பிறகு ஒரு தகரத்தில் இன்ஜின் ஒயில் ஊற்றி, ஃபில்டரை அதில் உருட்டி, கையால் பிசைந்து எல்லா மடிப்புக்குள்ளும் ஒயிலை ஏற்றினேன்.

இதை நான் யோசிக்காமல் செய்யவில்லை. வயல் புழுதியில் ஓடும் உழவு மெசினில் காற்று ஒயிலைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போகும். தண்ணீர்ப் பம்பின் ஸ்பொஞ்சுக்கு ஒயில் வைக்காவிட்டால் ஒரே போகத்தில் பிஸ்டன் தேய்ந்துவிடும். என் கை அந்த மெசின்களில் பழகிய கை. கத்தாரில் பெரிய கார்களின் விலை கூடிய சிவப்பு ஃபில்டர்களைக் கண்டிருக்கிறேன். அவற்றுக்கும் ஒயில் உண்டு. அந்தச் சிவப்பே ஒயிலின் நிறந்தான் என்பதும், அதற்கென்று தனி ஒயில் இருக்கிறது, அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. கஜன் வாங்கியது உலர்ந்தபடி பாவிக்கும் ஃபில்டர். விலை கூடியது மாதிரித் தெரிய வேண்டுமென்று சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள்.

ட்ரயலுக்குப் போனோம். துறைமுக வீதியில் அக்சிலரேற்றரை மிதித்ததும் பொனட்டுக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். கஜன் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தான்.

“ராசண்ணை! இது கார் இல்லை, பிளேன்!”

திரும்பி வந்தபோது முதலாளியும் எழும்பி நின்று பார்த்தார். நிசார் தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தான். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பொனட்டைத் திறக்கவில்லை.

“நல்லாப் பூட்டி இரிக்கீங்க போல. ராசண்ணன், அந்த ஃபில்டருக்கு ஒயில் ஒண்டும் வைக்கல்லதானே?”

வைத்தேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். துடைக்கச் சொல்லியிருப்பான், இன்னொரு ஃபில்டர் போட்டிருப்போம், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கஜன் பார்த்துக்கொண்டிருந்தான், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நிசார் கேட்ட விதம் வேறு மரியாதையாக இருந்தது. அந்த மரியாதை எனக்கு எரிந்தது.

“எனக்குத் தெரியாதோ?” என்றேன்.

நிசார் தலையாட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனான்.

3. ஒன்பது நாள்

அடுத்த ஒன்பது நாளும் நான் ராசா. கஜனின் கூட்டாளிமார் இரண்டு பேர் வந்து “அந்தச் சத்தம் வைச்ச அண்ணை ஆர்?” என்று கேட்டார்கள். முதலாளி எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். நிசார் ஒரு பக்கத்தில் லொறியின் கீழே கிடந்து வேலை செய்வதைப் பார்க்கும்போது சாப்பாடு இன்னும் ருசியாக இருந்தது.

அப்போதும் முழு நிம்மதி இல்லை. எட்டாம் நாள் கஜன் வந்து பெற்றோல் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றான். நான் எழும்ப முன்னர், “நிசாரண்ணை ஃப்ரீயோ?” என்று கேட்டான். சத்தத்துக்கு நான், இன்ஜினுக்கு அவன்.

பத்தாம் நாள் காலை கார் இருமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. கஜன் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினான்.

“கோட்டை ஏற்றத்தில அக்சிலரேற்றரை அமத்தினன், இழுக்கேல்ல! உள்ளுக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிக் கிலுகிலு எண்டு சத்தம். இன்ஜின் லைட்டும் பத்திட்டுது. என்ர இன்ஜின் போயிட்டுதோ, சொல்லுங்கோ!”

முதலாளி எழும்பி வந்தார். “கடைசியா இதில கை வைச்சது ஆர்?”

“நான்தான். முந்தநாள் பெற்றோல் ஃபில்டர் மாத்தினன்” என்றான் நிசார்.

“அப்ப பெற்றோல் சரியாப் போகேல்ல. என்னடாப்பா நிசார், உன்ர வேலையிலயோ?”

கஜனும் நிசாரைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக நான் மாதக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பொனட்டைத் தூக்கியபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பைப்பும் ஃபில்டரும் சேரும் இடத்தில் ஒயில் வியர்த்திருந்தது. அதைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை. வேலை பழகுகிற தம்பிமாரே, இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். பிழையாக ஒயில் வைத்தது அறியாமை. பேசாமல் நின்றது அறியாமை இல்லை.

நிசார் வாதாடவில்லை. ஸ்கேனரைக் கொழுவினான். சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். அதற்குள் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கம்பி உண்டு. அது சூடாக இருக்கும். காற்று உரசிப் போகும்போது குளிரும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்றுப் போகிறது என்று காரின் கம்பியூட்டர் கணித்து, அதற்கு ஏற்ற பெற்றோலைக் கொடுக்கும். அந்தக் கம்பியில் ஒயில் படிந்து, அதன் மேல் புழுதி ஒட்டி, தேன் நிறத்தில் தோல் பிடித்திருந்தது. காற்று நிறையப் போனாலும் கம்பி கொஞ்சம் என்றே சொல்லும். பெற்றோல் குறையும். டர்போ அமுக்குகிற காற்றுக்குப் பெற்றோல் போதாவிட்டால் வெடிப்பு நேரம் தவறி நடந்து பிஸ்டனை அடிக்கும். கஜன் கேட்ட கிலுகிலுச் சத்தம் அதுதான்.

நிசார் பைப்புக்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“ராசண்ணன், வாங்க. கம்பிறஷன் பார்ப்பம். நீங்க திறப்பத் திருப்புங்க.”

நான் சீற்றில் ஏறினேன். அவன் பிளக்குகளைக் கழற்றி, முதலாம் துளையில் அளவுமானியைப் பூட்டிக் கையைக் காட்டினான். பிஸ்டன் அடிபட்டிருந்தால் அந்தத் துளையில் அமுக்கம் ஏறாது. நான் ஸ்டார்ட்டரைச் சுற்றினேன்.

“ஒண்டு நல்லம்.”

கஜன் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான்.

“ரெண்டு நல்லம்.”

மூன்றாவதுக்கு அவன் மானியைத் தட்டிப் பார்த்தான். திரும்பச் சுற்றச் சொல்லிக் கையை மட்டும் காட்டினான். சுற்றினேன். ஒருவன் ஐந்து வருடம் கடலில் போய் உழைத்த காசு அந்த ஓட்டைக்குள் இருந்தது.

“இப்ப ஏறுது. மானி வடிவா இறுகல்ல, அதான். மூண்டும் நல்லம்.”

நான்காவதும் சரியாக இருந்தது. கஜன் எழும்பி நிசாரைக் கட்டிப்பிடித்தான்.

“என்ன பிழை எண்டு சொல்லன்?” என்று முதலாளி கேட்டார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். இப்போது சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

“மலிவுச் சாமான் முதலாளி. சென்சர்ல ஊத்தை பிடிச்சிட்டு. கழுவி, பழைய பெட்டியப் போட்டா சரி.”

4. எனக்குத் தந்த மன்னிப்பு

கொம்பிறஸருக்குப் பின்னால் அவனை மறித்தேன்.

“ஏன் சொல்லேல்ல?”

“என்னத்த?”

“விளையாடாத. ஒயிலை.”

நிசார் கையில் இருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

“உங்களுக்காக மறைக்கல்ல அண்ணன். கஜனுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லுவான். பிறகு எங்கட கராஜுக்கு ஆர் வாறது? ரெண்டு பேருக்கும்தான் வேல இல்லாமப் போகும்.”

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு நல்லாக இருந்திருக்கும்! அவனும் என்னைப் போலத்தான் என்று வெறுத்துவிட்டு, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு பஸ் ஏறியிருப்பேன். இதிலும் அவன் என்னை வென்றுவிட்டான். கைவேலையில் பொறாமைப்பட்டேன், சரி. ஒருவன் நல்லவனாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பின்னேரம் கார் தயாரானது. பழைய பெட்டியோடு சத்தமில்லாமல் ஓடியது. கஜன் என் தோளில் தட்டினான்.

“ராசண்ணை, மனம் உடையாதேங்கோ. உங்கட பிழை இல்லை, சாமான்தான் பிழை.”

இரக்கம். அதுவும் நிசார் எழுதிக்கொடுத்த இரக்கம். எனக்குத் தாங்க ஏலவில்லை.

“சாமானில பிழை இல்லை கஜன். அது காய்ஞ்ச ஃபில்டர். நான்தான் ஒயில் ஊத்திப் பிசைஞ்சனான். அந்த ஒயில்தான் உன்ர சென்சரில ஏறினது. பெற்றோல் ஃபில்டரிலயும் ஒரு குறையும் இல்லை.”

இதை உண்மைக்குப் பயந்து சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். நிசாருக்குக் கடமைப்பட்டிருக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். நல்ல வேலைகள் சிலது இப்படிக் கெட்ட காரணத்தாலும் நடக்கும்.

கஜன் என்னை ஏசினான். “உழவு மெசின் வேலைக்காரனிட்டக் காரைக் குடுத்தன் பார், என்னைச் செருப்பால அடிக்கோணும்!” என்றான். அது எனக்கு வந்து சேர வேண்டியது. வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகு முதலாளி என்னை முன்னால் இருந்த மர வாங்கில் இருக்கச் சொன்னார்.

“அண்டைக்கு நிசார் உன்னட்ட ஒயில் வைச்சியோ எண்டு கேட்டவன். எனக்கும் கேட்டது.”

“ஓம்.”

“நீ என்ன சொன்னனீ?”

“எனக்குத் தெரியாதோ எண்டு கேட்டனான்.”

முதலாளி கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“பிழை விடாத மெக்கானிக் பாஸ் ஒருத்தனும் இல்லை. நானும் எவ்வளவு இன்ஜினைத் திண்டிருக்கிறன். ஆனா ஒருத்தன் கேக்கேக்க மறைச்சாய் பார், அது சரிவராது. நான் ஆறு மாசம் அங்க இருந்து ஃபோனில கேப்பன், ராசன். நீ சொல்லுறதை வைச்சுத்தான் எனக்கு இஞ்ச என்ன நடக்குதெண்டு தெரியும்.”

திறப்பு நிசாருக்குப் போனது.

5. ஆறு மாதம்

நான் போய்விடுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். இரண்டு முறை பையைக் கட்டினேன். போகாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. போகிற இடத்திலும் ஒரு நிசார் இருப்பான் என்று தெரிந்துவிட்டது. இவனையாவது எனக்குப் பழக்கம்.

முதலாளி பறந்த மறுநாள் காலையில் நிசார் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தான். எனக்கு ஒரு வெள்ளை டர்போ கார். அதன் சொந்தக்காரர், வயதான டொக்டர் ஒருவர், என்னிடமே நேராகக் கேட்டார்.

“இந்த ஃபில்டரைக் கழுவலாமோ, மாத்தோணுமோ?”

என் வாய்க்குள் பழைய பதில் வந்து நின்றது. நிசார் மூன்று அடி தள்ளித்தான் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கையில் ஸ்பானர் ஆடாமல் நின்றதை நான் கண்டேன்.

“எனக்குத் தெரியாது சேர். நிசாரிட்டக் கேட்டுச் சொல்லுறன்.”

சும்மா ஒரு வசனந்தான். வெட்டுக் காயத்தில் பெற்றோல் பட்ட மாதிரி எரிந்தது. அதன் பின் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சில நாளில் ஒரே காலையில் மூன்று முறை. பழகினால் எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இன்றைக்கும் எரிகிறது. நிசாரின் நகங்களைக் கண்டாலும் எரிகிறது.

நீங்கள் பழகுகிற கராஜிலும் உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருப்பான். அவனை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பொறாமைப்படுங்கள், யாரும் தடுக்க ஏலாது. ஆனால் அவன் ஒயில் வைத்தாயா என்று கேட்டால், வைத்தேன் என்று சொல்லுங்கள். எரிச்சல் உங்களோடு போகும். இன்ஜின் அடுத்தவனுடையது.